பல் செட்டும் நான் விழுங்கிய வாக்கியமும்

அன்புள்ள அண்ணி,

காலையில் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைக்கலாம் என்று தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். ஊசி டப்பாவுக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு உப்புத்தாள் துண்டு கிடந்தது. ஆசாரி மரத்தைத் தேய்ப்பாரே, அதேதான். மடித்த மடிப்பில் ரோஸ் நிறத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தூள் ரோஸாக இருக்காது. ஈறு மாதிரித் தெரியவேண்டும் என்று பல் செட்டைத்தான் அந்த நிறத்தில் செய்கிறார்கள். அது உங்கள் செட்டின் தூள். தேய்த்தவள் நான்.

கொக்கி தைக்கவில்லை. உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் நான் எழுதிய ஒன்றையும் நீங்கள் படித்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் இரண்டு பேரில் முதலில் வாய் பொக்கையானது எனக்குத்தான். ஐம்பத்தைந்து வயதிலேயே ஈறு கெட்டு எல்லாம் ஆடிவிட்டது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வாய் திறந்தால், பாட்டை விட்டுவிட்டு வாயைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு மேல். என் வீட்டுக்காரரின் அக்கா ஆயிற்றே, தம்பி பொண்டாட்டி என்றால் கிண்டல் செய்ய உங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. "இன்னா டீச்சரே, நாலு பல்லு கடன் தரட்டா?" என்று பக்கத்து வாசலில் இருந்து கேட்பீர்கள். அப்போது உங்களுக்கே முன்னால் நாலு பல்தான் உருப்படியாக இருந்தது.

நான் மலையில் இருந்து போளூருக்கு ஆறு தடவை இறங்கி ஏறி, செட்டு கட்டிக்கொண்டு வந்தேன். முதல் மாதம் நரகம். வாய் நிறைய எச்சில் ஊறியது. மேல் செட்டைப் போட்டாலே குமட்டியது. 'ச' வருகிற சொல்லெல்லாம் விசில் அடித்தது. கீழ் செட்டு, நாக்கு அசைகிற பக்கமெல்லாம் மிதந்தது. சாமைச் சோற்றில் ஒரு பருக்கை அடியில் போய்விட்டால் முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அழுதிருக்கிறேன், அண்ணி. ஆனால் விடவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் அங்கன்வாடியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைச் சத்தம்போட்டுப் படித்தேன். சின்னச் சின்னத் துண்டாக்கி, இரண்டு பக்கமும் சமமாகப் போட்டு மெல்லக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது மாதம் வாய் என் சொல்பேச்சு கேட்டது.

அதோடு நான் ஊருக்குப் பல் டாக்டராகிவிட்டேன். யாருக்குச் செட்டு கடித்தாலும், யாருக்குக் கழன்று விழுந்தாலும், "டீச்சர் வூட்டுக்குப் போ" என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

உங்கள் நாலு பல்லும் போனபிறகு நீங்கள் சாப்பாட்டையே மாற்றிக்கொண்டீர்கள். களியை விழுங்கினீர்கள், சோற்றை ரசத்தில் ஊறவைத்து விழுங்கினீர்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். செட்டு கட்டிக்கொள்ளுங்கள் என்றால், "சுடுகாட்டுக்குப் போறவளுக்கு இன்னாத்துக்கு புதுப்பல்லு?" என்றீர்கள். நான் விடவில்லை. எனக்கு முடிந்தது உங்களுக்கு முடியாதா என்று ஒரு வருஷம் நச்சரித்தேன். கடைசியில், கீழே இருந்து பல் டாக்டர்கள் நம் மலைக்கே முகாமுக்கு வந்தபோது, உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியதும் நான்தான்.

செட்டு கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்து வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நீங்கள் எட்டுப் பெண்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தீர்கள். ஆளுக்கொரு டப்பா மடியில். டாக்டரம்மா சின்னப் பெண். தமிழ்தான் பேசினாள், ஆனால் மழை வருகிற வேகத்தில் பேசினாள். எட்டு பேரும் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கே புரிந்துவிட்டது. "டீச்சர், நான் சொல்றதை நீங்க இவங்க பேச்சுல சொல்லிடுங்க" என்றாள்.

நான் சொன்னேன். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடவேண்டும். சுடுதண்ணீர் கூடாது, கோணிக்கொள்ளும். கழுவும்போது கீழே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துக்கொள்ளவேண்டும், கை தவறினாலும் உடையாது. ஈறையும் நாக்கையும் துணியால் துடைக்கவேண்டும். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. செட்டு கடித்தால் தாங்களாகக் கை வைக்காமல் போளூருக்கு வரவேண்டும், வாரம் ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எட்டு பேரும் தலையாட்டினீர்கள். நீங்கள் மட்டும் நடுவில், "இவ்ளோ சீர் செய்யணும்னா இதுக்கு ஒரு மருமவள வெச்சிக்கலாம்" என்றீர்கள். டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

கடைசியாக அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள். "செட்டைக் கழற்றி வெச்ச பிறகும் ரெண்டு வாரத்துல ஒரு புண்ணு ஆறலேன்னா, வலி இருந்தாலும் இல்லேன்னாலும் உடனே காட்டணும். முக்கியமா புகையிலை போடறவங்க. அது புத்துநோயா இருக்கலாம்."

அதை நான் சொல்லவில்லை, அண்ணி.

மறந்துவிட்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது. மறக்கவில்லை. வாய்வரை வந்தது. எதிரே எட்டு பேரில் ஆறு பேர் வாயில் புகையிலை. புத்துநோய் என்ற சொல்லைக் கேட்டால் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷ அங்கன்வாடி வேலை அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வரும், கட்டி வீங்கும் என்று உள்ளதை உள்ளபடி தாய்மார்களிடம் சொன்னேன். அடுத்த மாதம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. மேலதிகாரியாக வந்த அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து பயமுறுத்துகிற வரியை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டார்கள். நல்லதுதான் நடந்தது. அதனால் அன்றைக்கும் விழுங்கினேன். "அவ்ளோதான், எல்லாம் புரிஞ்சிதா?" என்று கேட்டேன். டாக்டரம்மா நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்து நன்றி சொன்னாள்.

செட்டு போட்ட உங்கள் முகத்தை மறக்க முடியவில்லை. பத்து வயது குறைந்துவிட்டது. கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பி, "இது யாரு வூட்டு அம்மா?" என்று கேட்டீர்கள். மறுநாளே கடிக்க ஆரம்பித்துவிட்டது. "வாய்க்குள்ள செருப்பு போட்டா மாதிரி கீது" என்றீர்கள். புதுச் செருப்பு கடிக்கத்தானே செய்யும், பழகிவிடும் என்றேன். எனக்கு அப்படித்தானே பழகியது.

ஒரு மாதத்தில் கீழ் செட்டு இடது பக்கம், நாக்கை ஒட்டிய ஓரத்தில் புண் வந்தது. போளூருக்குப் போகலாமா என்று கேட்டேன், அது உண்மை. புளி உடைக்கிற நேரம். ஜீப்புக்குக் காத்திருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து திரும்பினால் ஒரு நாள் போய்விடும். "புளிய மழைல வுட்டுட்டு பல்லு பாக்கப் போவணுமா?" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போளூர் டாக்டர் என் புண்ணின் மேல் ஊதா பென்சிலால் புள்ளி வைத்து, செட்டைப் போட்டுக் கழற்றுவார். புள்ளி செட்டில் பதிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் தேய்ப்பார். நான் பென்சிலுக்குப் பதிலாகக் கண்மையைத் தொட்டு உங்கள் புண்ணின் மேல் வைத்தேன். செட்டில் கறுப்பாகப் பதிந்தது. உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தேன். இரண்டு நாளில் புண் ஆறியது. வேகவைத்த வேர்க்கடலையை ஒரு படி கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்து தின்று காட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு எத்தனை தடவை தேய்த்தேன் என்று நினைவில்லை. தாங்களாகக் கை வைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொன்னதும் நான்தான், கை வைத்ததும் நான்தான். தேய்க்கத் தேய்க்கச் செட்டு தளர்ந்தது. தளர்ந்த செட்டு வேறு இடத்தில் உரசியது. உரசிய இடத்தில் வலி தெரியாமல் இருக்க, நீங்கள் புகையிலையை அங்கேயே ஒதுக்கி வைத்துக்கொண்டீர்கள். "மரத்துப்போவுது, சொகமா கீது" என்றீர்கள். புகையிலையைத் துப்புங்கள் என்று திட்டினேன். ஆனால் ஏன் துப்பவேண்டும் என்று சொல்லவில்லை. பல் கறையாகும் என்று சொன்னேன். பல் கறையாகும்! இதை எழுதும்போது என்னையே அறையவேண்டும் போல இருக்கிறது.

அடுத்த வருஷம் பங்குனியில், முதல் தடவை புண் இருந்த அதே ஓரத்தில் மறுபடியும் ஒன்று வந்தது. இந்தத் தடவை உப்புத்தாளுக்கு மசியவில்லை. கடுக்காயை உரசித் தேனில் குழைத்துத் தடவினேன். மசியவில்லை. செட்டைக் கழற்றி வையுங்கள், வாய்க்கு ஓய்வு கொடுங்கள் என்றேன். சொன்ன சொல் தட்டாமல் கழற்றி வைத்தீர்கள். பத்து நாள் ஆனது. இருபது நாள் ஆனது. சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு மத்தியானம் உங்களை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சையும் அடித்து, நாக்கை ஸ்பூனால் ஒதுக்கிப் பார்த்தேன்.

புண் அங்கேயே இருந்தது. பெரிதாகியிருந்தது. ஓரம் வெள்ளையாகத் தடித்திருந்தது. விரலால் தொட்டேன், கெட்டியாக இருந்தது. "வலிக்குதா அண்ணி?" என்றேன். "வலியே இல்லம்மா. அதனால ஆறிப்போச்சின்னு நெனச்சேன்" என்றீர்கள்.

அந்த நிமிஷம் டாக்டரம்மாவின் குரல் எனக்கு முழுசாகக் கேட்டது. வலி இருந்தாலும் இல்லேன்னாலும். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்: இதை ஏன் அன்னிக்கே சொல்லல? அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஊரில் எல்லாம் தெரிந்த டீச்சர் என்ற பெயருக்காகப் பயந்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு, "கொஞ்சம் சின்னதாயிருக்கு அண்ணி. இன்னும் பத்து நாள் பாக்கலாம்" என்றேன். நீங்கள் நம்பிக்கையாக எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்கள்.

பத்து நாள் ஆடி வரைக்கும் நீண்டது. நான் மறுபடியும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. உங்கள் வாசல் வழியாகப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த உங்கள் மகன்தான், நீங்கள் ஒரு பக்கமாகவே கூழ் குடிப்பதையும் கன்னம் வீங்கியிருப்பதையும் பார்த்துவிட்டுக் கையோடு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். துணைக்கு நானும் வந்தேன். சதை வெட்டிப் பார்த்து ஒரு வாரத்தில் புத்துநோய் என்று சொல்லிவிட்டார்கள். அந்த டாக்டர் வயதானவர். கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "இவ்ளோ நாள் எப்படி விட்டீங்க? செட்டு கொடுத்தப்ப யாரும் எதுவும் சொல்லலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் திறந்துவிட்டீர்கள். நாக்கு புரளாமல், எச்சிலைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள். "சொன்னாங்க சார். இதோ எங்க டீச்சரு ஒண்ணு வுடாம சொன்னாங்க. நான்தான் காதுல போட்டுக்கல."

உங்கள் மகன் உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஏம்மா இப்டி பண்ண?" என்று அங்கேயே அழுதான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் உங்கள் சாப்பாட்டுக் கூடை இருந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தாடையில் பாதியை எடுத்தார்கள். இனிமேல் இந்த வாய்க்கு எந்தச் செட்டும் நிற்காது என்றார்கள், யாரோ கேட்டது போல. மூக்கு வழியாகக் குழாய். கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, தினமும் மூன்று வேளை நான்தான் ஊற்றினேன். உங்கள் தம்பி அந்த அறைக்குள் வரமாட்டார், வாசலோடு நின்றுவிடுவார். புண்ணின் நாற்றம் அப்படி இருந்தது. பார்க்க வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சரு அவ்ளோ சொல்லியும் நீ கேக்கலியாமே" என்றார்கள். உங்களால் பேச முடியாது. ஒவ்வொரு தடவையும், ஆமாம் என்று தலையாட்டினீர்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆள் போனபிறகு சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆள் போவார்கள். கஞ்சி ஆறிவிட்டதே என்று சுடவைக்க எழுந்துபோவேன். தை மாதம் நீங்கள் போகும்வரை கஞ்சி ஆறிக்கொண்டேதான் இருந்தது.

இப்போது யாராவது செட்டோடு வந்தால் அந்த வரியைத்தான் முதலில் சொல்கிறேன். போன மாதம் நெல்லிவாசல் பக்கத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். புத்துநோய் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப எனக்கு இந்தக் கெரகமே வாணாம் டீச்சரே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். செட்டைப் பரணில் போட்டுவிட்டாளாம், களியை விழுங்கிக்கொண்டு இருக்கிறாளாம். நான் பயந்தது சரிதான் என்பது இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது? பொக்கை வாயோடு உயிரோடு இருக்கட்டும்.

உங்கள் முதல் வருஷத் தெவசத்துக்கு உங்கள் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். படையல் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு அவனைத் தனியாக உட்காரவைத்தேன். அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். "அம்மா உங்க பேச்ச மட்டும் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாங்க அத்த." ஒரு வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருப்பது. உங்கள் மேல் அவனுக்கு இருக்கிற கோபம் அந்தப் பேச்சில் தெரிகிறது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா மேல தப்பே இல்லப்பா. டாக்டரம்மா கடைசியா சொன்னத நான் அவங்களுக்குச் சொல்லவே இல்ல. பயந்துடுவாங்கன்னு முழுங்கிட்டேன். அப்புறம் புண்ணப் பாத்தப்பகூட தெரிஞ்சிக்கினே பொய் சொன்னேன்" என்றேன். மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். அடிப்பான், கத்துவான், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டான் என்று நினைத்தேன். எதுவானாலும் சரி என்றுதான் சொன்னேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏன் அத்த இப்டியெல்லாம் பேசுறீங்க? என் எதுர்லதான அம்மா சொன்னாங்க, டீச்சரு ஒண்ணு வுடாம சொன்னாங்கன்னு. அப்ப எங்கம்மா பொய் சொன்னாங்களா?"

"பொய் இல்லப்பா, அவங்களுக்கு..."

"வுடுங்க அத்த. ஆறு மாசம் மூக்குல கஞ்சி ஊத்துனவங்க நீங்க. பழிய எடுத்து உங்க தலைல போட்டுக்கினா போனவங்க திரும்பியா வரப்போறாங்க?" என்று எழுந்தான். உள்ளே போய் அவன் மனைவியிடம், "அத்தைக்கு மனசு ரொம்ப ஒடஞ்சிபோச்சி, காப்பி போட்டுக் குடு" என்றது எனக்குக் கேட்டது.

காப்பி வந்தது. குடித்தேன்.

அண்ணி, ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் தெரிந்து என்னைக் காப்பாற்றினீர்களா? இல்லை, டீச்சர் சொல்லாமல் இருந்திருக்கமாட்டாள், நாம்தான் மறந்திருப்போம் என்று நிஜமாகவே நம்பினீர்களா? முதலாவது என்றால் உங்கள் காலில் விழுந்து அழுதுவிட்டுப் போவேன். இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் சாவுக்கு நீங்களே காரணம் என்று நம்பிக்கொண்டு ஆறு மாதம் அந்தக் கட்டிலில் படுத்திருந்தீர்கள், ஒவ்வொருவருக்கும் தலையாட்டினீர்கள். இப்போது உங்கள் மகனும் அதையே நம்புகிறான். உண்மையைச் சொன்னால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிறது, அதனால் என்னை நம்ப மறுக்கிறான்.

ஒன்று விடாமல் சொன்ன டீச்சராகத்தான் இந்த ஊரில் நான் இன்னமும் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அண்ணி.